டிரில் டவுன் அறிக்கை எடைத்தராசுக்குப் பக்கத்தில் தொடங்குகிறது

வியாபாரக் கணக்கைப் பிரித்துப் பார்க்க உதவுகிற பிஐ (பிசினஸ் இன்டெலிஜென்ஸ்) மென்பொருள்களில் பவர் பிஐ ஆகட்டும், டேப்லோ ஆகட்டும், பக்கத்துத் தென்காசியில் அலுவலகம் வைத்திருக்கிற ஜோஹோவின் அனலிட்டிக்ஸ் ஆகட்டும், விற்க வருகிறவர் காட்டுகிற காட்சி ஒன்றுதான். திரையில் ஒரு பெரிய தொகை நிற்கும். சொடுக்கினால் மாதங்களாகப் பிரியும், மாதத்தைச் சொடுக்கினால் கிளைகளாக, கிளையைச் சொடுக்கினால் சரக்கு வாரியாக, அப்படியே இறங்கிப்போய்க் கடைசியில் ஒரு பில் வந்து நிற்கும். இப்படி இறங்குவதற்குத்தான் டிரில் டவுன் என்று பெயர். பார்க்கிறவருக்கு உடனே வாங்கிவிடத் தோன்றும். வாங்கி, தன் சொந்தக் கணக்கை அதில் ஏற்றி அதே மாதிரி சொடுக்கிப் பார்த்தால், இரண்டாவது மூன்றாவது தட்டிலேயே 'பல பேர்', 'இதர செலவுகள்' என்று ஏதாவது ஒன்று வழியை மறித்துக்கொண்டு நிற்கும். இல்லையென்றால் பெயரே இல்லாத ஒரு வெற்று வரி வரும், அதற்கு எதிரே நாலு லட்சம் இருக்கும்.

இதற்கு மென்பொருளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. எத்தனை தட்டு இறங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பதிவு போடுகிற இடம். சரக்கு வந்து இறங்கியபோது எழுதினவர் எதையெல்லாம் எழுதினாரோ அதுவரைதான் அறிக்கை இறங்கும். அவர் எழுதாமல் விட்டதை எந்தச் சூத்திரம் போட்டும் பிறகு வரவழைக்க முடியாது. நான் சொல்ல வருவது பெரும்பாலும் இதுதான், மீதியெல்லாம் இதிலிருந்து கிளைக்கிற விவரங்கள்.

விளக்கிச் சொல்ல ஒரு ரப்பர் வியாபாரத்தை எடுத்துக்கொள்கிறேன், நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் அது தெரியாத வீடு கிடையாது. மார்த்தாண்டத்தில் தலைமை அலுவலகமும் குடோனும். குலசேகரத்திலும் அருமனையிலும் ஒவ்வொரு கொள்முதல் கடை, களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலையில் இன்னொன்று. சின்னத் தோட்டக்காரர்கள் ரப்பர் ஷீட்டையும், மரத்திலும் சிரட்டையிலும் உறைந்துபோன ஒட்டுப்பாலையும் கொண்டுவந்து போடுவார்கள். எடை போட்டு அன்றைய விலைக்குக் காசு கொடுத்து, லோடு சேர்ந்ததும் லாரியில் ஏற்றி டயர் கம்பெனிக்கோ பெரிய வியாபாரிக்கோ அனுப்புவார்கள். கடை கற்பனைதான், கீழே வருகிற தொகைகளும் கணக்குக்காக எடுத்தவை. ஆனால் மாதக் கடைசியில் முதலாளி அக்கவுண்டண்டிடம் கேட்கிற கேள்வி நிஜம்: "போன மாசத்தைவிட எடை கூடுதல்தானே, லாபம் எங்க போச்சு மக்கா?"

இந்தக் கேள்விக்குப் பாதி பதில் டேலி என்கிற கணக்கு மென்பொருளிலேயே உண்டு. பேலன்ஸ் ஷீட்டைத் திறந்து ஒரு வரியில் என்டரைத் தட்டினால் குரூப், இன்னொரு என்டருக்கு லெட்ஜர், அப்புறம் மாதச் சுருக்கம், அப்புறம் அந்த மாதத்து வவுச்சர்கள் (தனித்தனிப் பதிவுகள்), கடைசியில் வவுச்சரே திறக்கும். டிரில் டவுன் என்பது நம் அக்கவுண்டண்டுகளுக்குப் புதிது இல்லை, அந்தப் பெயரைச் சொல்லாமலேயே காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். ஆனால் அங்கே வழி பெரும்பாலும் ஒற்றை வழி. டேலி தானாகவே வைத்திருக்கிற 28 குரூப்புகள், அவற்றுக்குக் கீழே நாம் உண்டாக்கிய குரூப்புகள், லெட்ஜர்கள் என்று ஒரே மரத்தின் கிளை வழியாகத்தான் இறங்க வேண்டும். குலசேகரம் கடையில், ஆர்எஸ்எஸ் 4 என்கிற ஷீட் ரகத்தில், மழை மாதங்களில் மட்டும் கிலோவுக்கு எவ்வளவு நின்றது என்று குறுக்கே வெட்டிக் கேட்டால், காஸ்ட் சென்டர், குடோன், ஸ்டாக் ஐட்டம் என்று வேறு வேறு இடத்திலிருந்து அறிக்கை எடுத்து எக்செல்லில் ஒட்ட வேண்டியிருக்கும். ஒட்டுகிறவர் லீவு போட்டால் அந்த மாதம் பதிலும் லீவு.

குறுக்கே வெட்டுகிற இந்த வேலைக்குத்தான் பிஐ மென்பொருள். ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு 1970-ல் அடித்தளம் போட்ட எட்கர் காட், 1993-ல் ஓலாப் என்ற பெயரில் இதைப் பற்றி எழுதினார். ஒரே தொகையைக் காலம், இடம், சரக்கு என்று எந்தப் பக்கத்திலிருந்தும் பிரித்துப் பார்ப்பதும், சுருக்கத்திலிருந்து விவரத்துக்கு இறங்குவதும் திரும்ப ஏறுவதும் அதில் அடங்கும். 2015-ல் மைக்ரோசாஃப்ட் பவர் பிஐயைப் பொதுவில் விட்ட பிறகு, டெஸ்க்டாப் பதிப்பு இலவசம் என்பதால், சின்ன வியாபாரிக்கும் இது கைக்கு எட்டுகிற சமாச்சாரம் ஆகிவிட்டது. நான் கீழே பவர் பிஐ பாஷையில்தான் பேசப் போகிறேன், மற்றவற்றிலும் சங்கதி ஏறக்குறைய இதேதான்.

ஒரு வரி என்றால் என்ன

அறிக்கை கட்டுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய முதல் விஷயம், நடுவில் இருக்கிற, நடந்ததையெல்லாம் வரி வரியாக வைத்திருக்கிற ஃபேக்ட் அட்டவணையில் ஒரு வரி எதைக் குறிக்கிறது என்பது. ஒரு நாளா, ஒரு பில்லா, ஒரு பில்லில் ஒரு ரகமா? இதை முடிவு செய்யாமல் சார்ட் போட ஆரம்பிக்கிறவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். நம் கடைக்கு விடை, ஒரு விற்பனையாளர் ஒரு ரகத்தைக் கொண்டுவந்து போட்டது ஒரு வரி. அந்த வரியில் தேதி, கடை, ஆள், ரகம், எடை, விலை. இதைச் சுற்றித் தேதி, கடை, ரகம், பார்ட்டி, லெட்ஜர் என்று தனித்தனிச் சின்ன அட்டவணைகள், ஒவ்வொன்றும் நடுவில் இருப்பதோடு ஒரு கோட்டால் இணைந்திருக்கும். ஸ்டார் ஸ்கீமா என்று இதைத்தான் சொல்கிறார்கள், இதற்கு மேல் அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

சரி, குலசேகரம் கடையில் காலையில் நடப்பது என்ன? ஸ்கூட்டரில் கட்டாகக் கட்டி ஷீட் வருகிறது, இன்னொருவர் சாக்கில் ஒட்டுப்பால் கொண்டுவருகிறார், நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள், கடையில் இருப்பவர் நீள நோட்டில் பெயர், எடை, தொகை என்று எழுதிக் காசு கொடுத்து அனுப்புகிறார். சாயங்காலம் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து மார்த்தாண்டத்துக்கு வாட்ஸாப்பில் அனுப்புகிறார். அங்கே அக்கவுண்டண்ட் 'ரப்பர் கொள்முதல், குலசேகரம், பல பேர்' என்று நாளுக்கு ஒரே ஒரு வவுச்சர் போட்டு மொத்தத் தொகையை ஏற்றுகிறார். வருஷக் கடைசி லாபத் தொகை இதனால் மாறாது. ஆனால் யார் எந்த ரகத்தை எத்தனை கிலோ என்ன விலைக்குப் போட்டார் என்பது நோட்டுக்குள் இருந்துவிடுகிறது. பவர் பிஐ எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் அலமாரியில் இருக்கிற நோட்டுக்குள் டிரில் போட முடியாது.

ஆகவே முதல் செலவு லைசென்ஸுக்கு இல்லை, கடையில் ஒரு டேப்லெட்டுக்கும் ஒரு எளிய படிவத்துக்கும். படிவத்தில் ரகமும் விற்பனையாளரும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். கையால் தட்ட விட்டால் 'ஆர்எஸ்எஸ் 4', 'ஆர்.எஸ்.எஸ்.4', '4ஆம் நம்பர்' என்று ஒரே ரகம் மூன்று பெயரில் வரும், அறிக்கையில் மூன்று வரியாக நிற்கும். அதே நேரத்தில் ஆசைப்பட்டு இருபது கட்டம் வைக்கவும் கூடாது. ஆள் காத்துக்கொண்டு நிற்கும்போது கேட்கப்படுகிற ஏழாவது எட்டாவது கேள்விக்குக் கடைக்காரர் கைக்கு வந்ததைத் தட்டிவிட்டுப் போவார், அந்தக் குப்பையும் அறிக்கையில் அழகான கலரில் வந்து உட்காரும். முதலாளி நிஜமாகவே கேட்கிற கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதி, அதற்குத் தேவையான கட்டங்களை மட்டும் வையுங்கள்.

ரூபாயை மட்டும் ஏற்றினால்

நிதி அறிக்கைதானே என்று தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு எடையை விட்டுவிடுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. ரப்பரில் அது பெரிய ஓட்டை. சரியாகக் காயாத ஷீட் குடோனில் கிடந்தால் ஈரம் போய் எடை குறையும். வாங்கின எடைக்குக் காசு கொடுத்தாயிற்று, விற்கும்போது தராசில் நிற்கிற எடைக்குத்தான் காசு வரும்.

கணக்காகப் பார்க்கலாம். 10,000 கிலோ வாங்குகிறீர்கள், கிலோ 170 ரூபாய், ஆக 17,00,000. விற்பது 174 ரூபாய்க்கு. கிலோவுக்கு 4 ரூபாய் நிற்கிறது, 40,000 ரூபாய் வரும் என்று மனக்கணக்கு சொல்கிறது. லாரியில் ஏறினது 9,850 கிலோ. விற்பனை 17,13,900. நின்றது 13,900 மட்டும். போன 150 கிலோ, 174 ரூபாய் வீதம் 26,100. எடையில் ஒன்றரை சதவீதம்தான் குறைவு, ஆனால் எதிர்பார்த்த லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிட்டத்தட்ட அதிலேயே போய்விட்டது.

தொகை மட்டும் இருக்கிற அறிக்கையில் இதே மாதத்தைப் பார்த்தால் 'மொத்த லாபம் குறைந்தது' என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. முதலாளி விலை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வாங்குகிற விலையைக் குறைக்கச் சொல்வார், நல்ல ஷீட் கொண்டுவருகிற ஆள் பக்கத்துக் கடைக்குப் போவார். எடையும் வரியில் இருந்தால், லாபத்தில் ஏற்பட்ட வித்தியாசத்தை விலையால் வந்தது, அளவால் வந்தது, எடைக் குறைவால் வந்தது என்று மூன்றாகப் பிரித்துக் காட்டலாம். அதில் எடைக் குறைவைச் சொடுக்கினால் கடை, கடையைச் சொடுக்கினால் ரகம், ரகத்தைச் சொடுக்கினால் வாங்கின தேதிகள். இரண்டு மழை பெறுகிற மாவட்டம் இது, தென்மேற்கும் உண்டு வடகிழக்கும் உண்டு. ஜூனிலும் நவம்பரிலும் வாங்கின சரக்கில் குறைவு கூடுதலாக நின்றால் காரணத்தைப் பெரிதாகத் தேட வேண்டியதில்லை.

அங்கேயே இன்னொன்றையும் சேர்க்கலாம். ரப்பர் போர்டு தினமும் கோட்டயம் விலையை ரக வாரியாக வெளியிடுகிறது. அதை ஒரு அட்டவணையாக வைத்துத் தேதியாலும் ரகத்தாலும் இணைத்துவிட்டால், நாம் கொடுத்த விலை அன்றைய விலையிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்பதை ஒவ்வொரு வரிக்கும் பார்க்க முடியும். எந்தக் கடையில் எந்த ஆளுக்கு வழக்கமாகவே கூடக் கொடுக்கப்படுகிறது என்பது தானாக மேலே வரும். இதை முதலாளியைத் தவிர வேறு யாரும் விரும்ப மாட்டார்கள்.

மார்ச்சில் மட்டும் லாபம் காட்டுகிற கணக்கு

மாத வாரியாக இறங்குகிற லாப நஷ்ட அறிக்கைகள் நம் பக்கம் பொய் சொல்வதற்கு முதல் காரணம் இருப்புச் சரக்கு. வருஷக் கடைசியில் ஒரு தரம் எண்ணி, மார்ச் 31 தேதியில் ஒரு இறுதி இருப்புத் தொகையைப் போடுவது பல கடைகளின் வழக்கம். ஆடிட்டருக்கு அது போதும். டிரில் டவுனுக்குப் போதாது.

அக்டோபரில் 85 லட்சத்துக்கு வாங்கியிருக்கிறீர்கள், விலை ஏறட்டும் என்று ஒரு பகுதியைக் குடோனில் வைத்துவிட்டு 60 லட்சத்துக்கு விற்றிருக்கிறீர்கள். வருஷத் தொகையைச் சொடுக்கி மாதத்துக்கு இறங்கினால் அக்டோபரில் 25 லட்சம் நஷ்டம் என்று சிவப்பில் நிற்கும். இலை உதிர்ந்து வெட்டு நிற்கிற பிப்ரவரி மார்ச்சில் வாங்குவது குறையும், வைத்திருந்த சரக்கு விற்கும், இறுதி இருப்பும் அப்போதுதான் ஏறும், ஆகவே மார்ச்சில் மட்டும் மலை மாதிரி லாபம். இந்த இரண்டுமே உண்மை இல்லை. வருஷ மொத்தம் சரி, மாதம் ஒவ்வொன்றும் தப்பு. இதைப் பார்த்து ஒரு முதலாளி அக்டோபரில் கடையைச் சுருக்கலாமா என்று யோசித்தால் அது அறிக்கை செய்த கெடுதல்.

இதற்குக் குறுக்கு வழி கிடையாது, மாதாமாதம் இருப்பை எடையோடு மதிப்பிட வேண்டும். விற்ற சரக்கின் அடக்க விலை, முதலில் வந்தது முதலில் போனது என்ற முறையிலோ எடை வாரிச் சராசரியிலோ, எந்த முறையோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே தொடர வேண்டும். விலை இறங்குகிற மாதத்தில் அடக்க விலைக்கும் விற்றால் கிடைக்கிற விலைக்கும் எது குறைவோ அதை வைப்பது கணக்கியல் தரநிலை சொல்கிற விதி, ரப்பர் மாதிரி ஏறி இறங்குகிற சரக்குக்கு இது பேச்சளவு விதி இல்லை. தேய்மானமும் இதே கதை: மார்ச்சில் ஒரே ஜர்னல் போட்டால் மார்ச் மட்டும் அடி வாங்கும், பன்னிரண்டாகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொரு மாதமும் தன் பங்கைச் சுமக்கும். மாத அளவில் இந்தச் சரிப்படுத்தல் இல்லாத கணக்கை மாதத் தட்டுக்குத் திறந்து வைப்பதைவிட, காலாண்டோடு நிறுத்திக்கொள்வதே யோக்கியமான அறிக்கை என்பேன்.

கூட்டக்கூடாத தொகைகள்

விற்பனையைக் கூட்டலாம், நாள் கூடி மாதம், மாதம் கூடி வருஷம். குடோன் இருப்பையும் பேங்க் பேலன்ஸையும் அப்படிக் கூட்டக்கூடாது. ஏப்ரல் கடைசியில் 12 லட்சம், மே கடைசியில் 15 லட்சம், ஜூன் கடைசியில் 9 லட்சம் என்றால் காலாண்டு இருப்பு 9 லட்சம்தான், 36 லட்சம் இல்லை. ஆனால் மென்பொருளுக்கு யாரும் சொல்லாவிட்டால் அது கூட்டத்தான் செய்யும், அதன் வேலை அது. கடைகளுக்குக் குறுக்கே கூட்டலாம், காலத்துக்குக் குறுக்கே கடைசி நாளின் தொகையை எடுக்க வேண்டும். பவர் பிஐயில் இதற்கென்றே குளோசிங் பேலன்ஸ் மன்த், லாஸ்ட் நான் பிளாங்க் மாதிரி ஃபங்ஷன்கள் உண்டு.

விகிதங்கள் இன்னும் விஷமம் பிடித்தவை. குலசேகரத்தில் 9,000 கிலோவுக்குக் கிலோ 3 ரூபாய் நின்றது, அருமனையில் 1,000 கிலோவுக்கு 8 ரூபாய். இரண்டையும் சேர்த்துச் சராசரி 5.50 என்று மேல் தட்டில் காட்டினால் அது வெறும் பொய், மொத்தம் 35,000 ரூபாயை 10,000 கிலோவால் வகுத்தால் 3.50 தான். கிலோவுக்கு லாபம், லாப சதவீதம் எல்லாம் ஒவ்வொரு தட்டிலும் அந்தத் தட்டின் மொத்தத்திலிருந்து புதிதாகக் கணக்கிடப்பட வேண்டும். கிலோவுக்கு லாபத்தை எக்செல்லில் ஒரு பத்தியாக முன்கூட்டியே போட்டு ஏற்றிவிட்டு மேலே சராசரி எடுக்கிறவர்கள்தான் இதில் விழுகிறார்கள். மெஷராக, அதாவது ஒவ்வொரு தட்டிலும் புதிதாகக் கணக்குப் போடுகிற சூத்திரமாக, எழுதினால் விழ மாட்டீர்கள்.

தேதி. பவர் பிஐ தானாகப் போட்டுத் தருகிற தேதி அடுக்கு ஜனவரியில் தொடங்கும், நம் நிதியாண்டு ஏப்ரலில். அந்தத் தானியங்கி வசதியை அணைத்துவிட்டு நீங்களே ஒரு தேதி அட்டவணை போட்டு, அதில் நிதியாண்டு, நிதிக் காலாண்டு, மாதம் என்று அடுக்கி, வருஷ ஆரம்பத்திலிருந்து கூட்டுகிற மெஷரில் ஆண்டு மார்ச் 31-ல் முடிகிறது என்று எழுதிக் கொடுங்கள். மாதப் பெயரைத் தமிழில் வைத்தால் அகர வரிசையில் அக்டோபர், ஆகஸ்ட், ஏப்ரல் என்று வந்து நிற்கும், வரிசை எண்ணை வைத்து அடுக்கச் சொல்ல வேண்டும்.

அப்புறம் லெட்ஜர் மரம். அது எல்லாக் கிளையிலும் ஒரே ஆழம் உள்ளது இல்லை. ஒரு லெட்ஜர் நாலு குரூப்புக்குக் கீழே இருக்கும், இன்னொன்று நேராக மேல் குரூப்பிலேயே தொங்கும். தட்டு ஒன்று, தட்டு இரண்டு என்று பத்தியாக விரிக்கும்போது சின்னக் கிளைகளில் வெற்று இடம் விழும், அந்த வெற்று வரிதான் ஆரம்பத்தில் சொன்ன நாலு லட்சத்தைத் தூக்கிக்கொண்டு வருவது. லெட்ஜர் பெயரையே கீழ்த் தட்டுகளிலும் திரும்ப எழுதி, இஸ் இன் ஸ்கோப் ஃபங்ஷனால் எந்தத் தட்டில் நிற்கிறோம் என்று பார்த்துத் திரும்ப வருவதை மறைத்துவிடலாம். இதைவிட நல்லது, டேலி மரத்தை அப்படியே தூக்கி வராமல், எந்த லெட்ஜர் அறிக்கையின் எந்த வரிக்குப் போகிறது என்று தனி அட்டவணை ஒன்று வைத்துக்கொள்வது. வரவு பற்று அடையாளத்தையும் அதிலேயே ஒரு பத்தியில் வைக்கலாம், இல்லாவிட்டால் வருமானம் மைனஸில் வந்து முதலாளியைப் பயமுறுத்தும். அந்த அட்டவணையில் இல்லாத புது லெட்ஜர் வந்தால் 'சேர்க்கப்படாதவை' என்று ஒரு வரியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விழ வேண்டும், சத்தமில்லாமல் காணாமல் போகக்கூடாது. அறிக்கையின் ஒரு மூலையில் டிரையல் பேலன்ஸோடு வித்தியாசம் என்று ஒரு கட்டம் வையுங்கள். அது பூஜ்யமாக இல்லாத நாளில் மற்ற எதையும் பார்க்க வேண்டாம்.

எல்லை தாண்டினால்

பாறசாலைக் கடை வேறு மாநிலத்தில் இருப்பதால் அதற்குக் கேரளத்தில் தனி ஜிஎஸ்டி பதிவு. ஒரே முதலாளிதான் என்றாலும் ஜிஎஸ்டி சட்டத்தின் கண்ணில் மார்த்தாண்டமும் பாறசாலையும் வெவ்வேறு நபர்கள், அங்கிருந்து இங்கே சரக்கு அனுப்பினாலே அது சப்ளை, ஐஜிஎஸ்டியோடு இன்வாய்ஸ் போட வேண்டும். குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டத்துக்கு ஒரே பதிவுக்குள் சரக்கு போனால் அந்தத் தொல்லை இல்லை. அறிக்கையில் இதன் விளைவு வேடிக்கையாக இருக்கும்: பாறசாலையிலிருந்து வந்த அதே ஷீட் ஒரு தரம் பாறசாலை விற்பனையாகவும், இன்னொரு தரம் மார்த்தாண்டம் டயர் கம்பெனிக்கு விற்றதாகவும் எண்ணப்படும். விற்பனை மொத்தம் ஊதிப்போய் நிற்கும், கொள்முதலும் கூடவே ஊதும், லாபம் ஏறக்குறையச் சரியாகவே வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒவ்வொரு வரியிலும் 'உள் பரிமாற்றம்' என்று ஒரு அடையாளம் இருந்தால் மொத்தத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம், கடை வாரியாக இறங்கும்போது மட்டும் காட்டலாம். அந்த அடையாளத்தை வைக்க வேண்டியதும் இன்வாய்ஸ் போடுகிறவர்தான், பிஐ ஆள் இல்லை. அனுப்பிய சரக்கு மாதக் கடைசியில் விற்காமல் மார்த்தாண்டம் குடோனில் கிடந்தால், அதன் மதிப்பில் ஏற்றி வைத்திருக்கிற உள் லாபத்தையும் கழிக்க வேண்டும், இது பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

இடத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. கடை, ஊர், தாலுகா, மாவட்டம் என்று அடுக்கு வைத்தால் தாலுகா என்பது நிலையானது என்று நினைத்துவிடாதீர்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்காக இருந்தது இப்போது திருவட்டாரும் கிள்ளியூரும் சேர்ந்து ஆறு. கல்குளத்தின் கீழ் எழுதி வைத்திருந்த ஒரு ஊரை இன்றைக்குத் திருவட்டார் என்று மாற்றி எழுதினால், பழைய வருஷங்களில் கல்குளத்தின் கொள்முதலும் சேர்ந்தே மாறிவிடும், அன்றைக்கு அச்சடித்து வைத்த அறிக்கையோடு ஒத்துப்போகாது. பழைய அடுக்கைத் தேதியோடு காப்பாற்றி வைப்பதா, எல்லா வருஷத்தையும் இன்றைய அடுக்கில் பார்ப்பதா என்று முதலிலேயே ஒன்றை முடிவு செய்யுங்கள்.

தலைமை அலுவலகச் செலவைக் கடைகளுக்குப் பங்கிடுகிற விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறார். மார்த்தாண்டம் வாடகையில் அருமனையின் பங்கு 18,000 என்று காட்டினால், முதலாளி அதைச் சொடுக்குவார், அப்படி ஒரு வவுச்சரே கிடையாது என்பதால் திரை வெறுமையாக நிற்கும். பங்கிடத்தான் வேண்டும் என்றால் கடையின் சொந்த லாபத்தைத் தனியாக முடித்துக் காட்டிவிட்டு, அதற்குக் கீழே பங்கிட்ட செலவு என்று வேறு பகுதியாக வையுங்கள், எந்த அளவுகோலில் பங்கிட்டது என்பதும் சொடுக்கினால் தெரியட்டும். லாரி டீசல் வேறு, அதை டிரிப் ஷீட்டிலிருந்து நேரடியாகக் கடைக்குக் கொண்டுபோக முடியும், சோம்பல்பட்டுத்தான் பங்கிடுகிறார்கள்.

பொத்தான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சார்ட்டின் மூலையில் இருக்கிற ஒற்றைக் கீழ் அம்புக்குறி, சொடுக்கின ஒன்றுக்குள் மட்டும் இறங்கும். இரட்டை அம்பு எல்லாவற்றையும் அடுத்த தட்டுக்குக் கொண்டுபோகும், கவட்டை மாதிரி இருப்பது மேல் தட்டையும் வைத்துக்கொண்டே விரிக்கும். நிதி அறிக்கைக்கு சார்ட்டைவிட மேட்ரிக்ஸ் நல்லது, கூட்டல் குறியைத் தட்டி வரி வரியாக விரிப்பது கணக்கு பார்த்துப் பழகினவர்களுக்குச் சுலபமாகப் பிடிபடும். கடைசித் தட்டுக்கு மட்டும் டிரில் த்ரூ வையுங்கள்: ஏதாவது ஒரு தொகையில் வலது சொடுக்கு, பில் நம்பர், தேதி, பார்ட்டி, எடை, விலை, விவரக் குறிப்பு எல்லாம் இருக்கிற தனிப் பக்கம், திரும்பிப் போக ஒரு பொத்தான். மேலே சொடுக்கின தொகையும் இந்தப் பக்கத்தின் அடியில் வருகிற மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதைச் சோதிக்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

யார் எதுவரை இறங்கலாம் என்பதும் உண்டு. சம்பளம் என்ற வரியைச் சொடுக்கிக் கொண்டே போனால் கடைசியில் ஆள் பெயரும் தொகையும் வரும், அருமனைக் கடைக்காரர் குலசேகரத்துக்காரரின் சம்பளத்தைப் பார்ப்பார், அடுத்த நாள் வீட்டில் சண்டை மாதிரி கடையில் சண்டை. ரோ லெவல் செக்யூரிட்டி போட்டால் அவரவருக்கு அவரவர் கடை வரிகள் மட்டுமே தெரியும், ஆனால் மொத்தமும் அவர் கடை மொத்தமாகவே சுருங்கிவிடும். மொத்த நிறுவனத் தொகை தெரியட்டும், விவரம் தெரிய வேண்டாம் என்றால் அதற்கு ரோ லெவல் செக்யூரிட்டி ஒத்துவராது, சுருக்கத் தொகைகளைத் தனி அட்டவணையாக வைக்க வேண்டும்.

கடைசியாகப் பழைய தேதிப் பதிவுகள். ஜூலையில் உட்கார்ந்துகொண்டு மே மாத வவுச்சரைத் திருத்துவது டேலியில் சர்வ சாதாரணம், அடுத்த முறை ரிஃப்ரெஷ் ஆனதும் முதலாளி ஏற்கெனவே பார்த்த மே மாத லாபம் வேறாக நிற்கும், அவர் அறிக்கையையே நம்பாமல் போய்விடுவார். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தனி முதலாளி வியாபாரத்துக்கு அந்த விதி இல்லை, ஆனாலும் எடிட் லாக் இருக்கிற பதிப்பைப் பயன்படுத்துவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அதோடு, மாதத்தை முடித்த அன்றைக்கு அந்த மாதத்து வவுச்சர்களின் நகல் ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள், அறிக்கையில் 'முடித்தபோது', 'இப்போது' என்று இரண்டு பத்தி போடுங்கள். டேலி ஒவ்வொரு வவுச்சருக்கும் மாறாத ஒரு அடையாள எண்ணும், திருத்துந்தோறும் மாறுகிற ஆல்டர் ஐடியும் வைத்திருக்கிறது, இரண்டையும் ஒப்பிட்டால் எது மாறியது, எது புதிதாக நுழைந்தது, எது அழிக்கப்பட்டது என்று தெரிந்துவிடும். வித்தியாசம் நிற்கிற மாதத்தைச் சொடுக்கினால் அந்த வவுச்சர்கள் மட்டும் பட்டியலாக வரவேண்டும். அது வர ஆரம்பித்த பிறகு முதலாளிக்கு லாகின் கொடுங்கள், அதுவரைக்கும் பழைய மாதிரி தாளில் அச்சடித்தே கொடுக்கலாம்.